வெட்டாமல் விட்ட மூலை

கரும்பு வெட்டுகிற வயலில் கத்திச் சத்தம் மொத்தமாக நின்றுபோவது அபூர்வம். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்து ஆள் வெட்டிக்கொண்டிருப்பார். ஒருத்தி கட்டுக் கட்டினால் இன்னொருத்தி சோகை, அதாவது காய்ந்த தோகை, கழிப்பாள். அன்று காலை பன்னிரண்டு கத்திகளும் ஒரே நேரத்தில் நின்றன.

நான் வாய்க்கால் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். யாரோ காலை வெட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துத்தான் ஓடினேன். வயலின் தென்மேற்கு மூலையில் இன்னும் வெட்டாமல் நின்ற கரும்புக்கு முன்னால் ஆட்கள் அரைவட்டமாக நின்றார்கள். நடுவில் சின்னப்பொண்ணு. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வருடா வருடம் வெட்டுக்கு வருகிற கூட்டத்தில் கை வேகமான ஆள் அவள்தான்.

என்ன என்று கேட்டேன். அவள் கத்தியின் முதுகால் காய்ந்த சோகையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே மூன்று குட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. மண் நிறம், உடம்பில் மங்கலான கோடுகள். கண் திறந்து ஓரிரு நாள் ஆகியிருக்கும். மேலே கிடந்த குட்டி எங்களைப் பார்த்து வாயைத் திறந்து சீறியது. சீறிய வேகத்தில் அதுவே பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

“சிறுத்தக் குட்டி சார். மலையிலேர்ந்து எறங்கி இருக்குது” என்றார் கூட்டத்தில் ஒருவர். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் இரண்டு அடி பின்னால் போனார்கள்.

அது சிறுத்தைக் குட்டி இல்லை, காட்டுப்பூனைக் குட்டி. எனக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது எனக்குப் பெருமையான சங்கதி இல்லை.

பொன்னாடை

அதற்கு முன்னால் இந்தத் தொடரில் போன வாரத்து அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக் கொல்லைக்கு வந்துபோகும் கீரிப்பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தேன். மண் சட்டியில் தண்ணீர் வைப்பது, முருங்கை மரத்து அணில்கள், சுவர் மேல் வெயில் காயும் ஓணான், எப்போதாவது எட்டிப் பார்க்கும் உடும்பு என்று நாலு பக்கம் போயிற்று. வாசகர்கள் உருகி எழுதியிருக்கிறார்கள். சின்னசேலத்திலிருந்து ஓர் அம்மா, என்னைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தால் ஒரு உயிரும் அழியாது என்கிறார்.

படித்துவிட்டு மடித்து வைத்தேன். சந்தோஷமாக இல்லை. அலுப்பாக இருந்தது.

இந்த அலுப்பு புதிது அல்ல. வனவிலங்கு வாரம் வந்தால் பள்ளிக்கூடங்களில் கூப்பிடுகிறார்கள். ஒரு பொன்னாடை, ஒரு எலுமிச்சம்பழம், ‘கானுயிர்க் காவலர்’ என்று ஒரு பட்டம். பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைதான். வீட்டில் அவற்றைத் தையல் மிஷினுக்கு மூடாக்குப் போட வைத்திருக்கிறார்கள். மேடையில் பாறுக் கழுகுகளைப் பற்றிச் சொல்வேன். கல்வராயன் மலையடிவாரத்தில் மாடு செத்தால் எங்கிருந்தோ வந்து இறங்கி, ஒரு பகலில் எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும் அந்தப் பறவைகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்தான். பிள்ளைகள் கை தட்டுவார்கள். இல்லாமல் போன ஒன்றுக்கு எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை.

போன மாதம் மலைமேல் ஒரு ஊரில் தேவாங்கு ஒன்று புளியமரத்தில் இருப்பதாகச் செய்தி பரவி, கார் கட்டிக்கொண்டு போய் அதன் முகத்துக்கு நேரே டார்ச் அடித்துப் படம் எடுத்து வந்தார்கள். எனக்கும் போனில் அனுப்பினார்கள். இரண்டு பெரிய கண்கள். ‘அழகு’ என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த மூலைக் கரும்புக்குப் பக்கத்தில் நான் செய்ததும் அதுதான்.

சாக்குப்பை

அந்தக் குட்டிகளைப் பார்த்தபோது எனக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது. சர்க்கரை ஆலையில் கரும்பு உதவியாளர் வேலை. பெயரைக் கேட்டால் சின்ன வேலை. ஆனால் கச்சிராயபாளையம் சுற்றுவட்டத்தில் நான் போனால் வயசான விவசாயிகூடத் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

காரணம் வெட்டு உத்தரவு. கரும்பு முற்றிவிட்டது என்று விவசாயி தன் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. இன்ன வயலை இன்ன தேதியில் வெட்டு என்று ஆலை உத்தரவு கொடுக்க வேண்டும். யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது என் போன்ற ஆள். உத்தரவு தள்ளிப்போனால் கரும்பு பூவெடுத்து, சக்கை ஏறி, எடை கம்மியாகிவிடும். இருபத்தைந்து வயசுப் பையன் கையில் அவ்வளவு அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தார்கள்.

அதற்கு முந்தைய வருடம் வேறொரு வயலில் இதேபோல இரண்டு குட்டிகள் கிடைத்தன. நான் பெரிய தர்மவானாக அவற்றைச் சாக்குப்பையில் போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி வன அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வழியில் ஒரு டீக்கடையில் பசும்பால் வாங்கிப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இரண்டும் மூன்றாம் நாள் வயிறு கழிந்து செத்துப்போயின.

அங்கே ஒரு காவலர் இருந்தார். வயசானவர், வாயில் எப்போதும் வெற்றிலை. காட்டுப்பூனைக் குட்டிக்குக் கோடு இருக்கும், அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் சிறுத்தை என்று பயப்படுகிறார்கள் என்று சொன்னவர் அவர்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அங்கியே வுட்டுட்டு இருந்தா தாய் வந்து வாயில கவ்விக்கினு போயிருக்கும். அடுத்த தபா பாத்தா தொடாத. நின்னு பாக்காத. எடத்த வுட்டுப் போய்டு” என்றார்.

மூன்று கட்டளைகள். மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த சுற்று

சின்னப்பொண்ணு சோகையைப் பழையபடி மூடினாள். நான் வெட்டை நிறுத்தச் சொன்னேன். அந்த மூலை அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மியாக இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, ஆட்களை அடுத்த ஊரில் வேறொரு வயலுக்குப் போகச் சொன்னேன். நாலு நாள் யாரும் இந்தப் பக்கம் வராவிட்டால் தாய்ப்பூனை குட்டிகளைத் தூக்கிப் போய்விடும். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். யோசனையில் தப்பு இல்லை.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னேன். சிறுத்தை என்று புரளி கிளம்பினால் ஊரே கம்போடு வந்துவிடும்.

“நெலத்துக்காரர் கிட்ட மட்டுமாவது சொல்லிட்லாமே சார்” என்றாள் சின்னப்பொண்ணு.

நிலத்துக்காரர் ஏழுமலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். அன்று ஏதோ காரியமாகச் சின்னசேலம் போயிருந்தார். அவர் வீட்டுப் பக்கம் கோழிக்கூடு பார்த்திருக்கிறேன். கோழி வளர்க்கிறவன் காட்டுப்பூனையை விட்டுவைப்பானா? அவரிடம் சொன்னால் முதல் ஆளாகக் கம்பு எடுப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவனுக்குத்தான் பூனைமேல் இரக்கம் இருக்கும், மண்ணில் உழைக்கிறவனுக்கு இருக்காது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே எனக்குள் அது இருந்தது.

மதியம் ஏழுமலை வந்து, அரைகுறையாக நின்ற வயலைப் பார்த்து விழித்தார். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஆலை வாசலில் வண்டிகள் தேங்கிக் கிடக்கின்றன, மீதிக் கரும்புக்கு அடுத்த சுற்றில்தான் உத்தரவு என்றேன்.

அடுத்த சுற்று என்றால் குறைந்தது ஒரு மாதம். அது அவருக்குத் தெரியும். நாலாம் நாளே ஏதாவது சாக்குச் சொல்லி ஆட்களைத் திரும்ப அனுப்பிவிடலாம் என்பது என் மனசுக்குள் இருந்த திட்டம். அது அவருக்குத் தெரியாது. அந்த வருடம் கோமுகி வாய்க்காலில் தண்ணீர் சீக்கிரமே நின்றுவிட்டது. அந்த மூலைக் கரும்பு அடித்தோகை காய்ந்து, நின்றபடியே வற்றிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் வாதாடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரிங்க சார்” என்றார்.

இரண்டு மாலைகள்

தொடாதே என்றார் காவலர், தொடவில்லை. நின்று பார்க்காதே என்றதை என்னால் முடியவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய் உட்கார்ந்தேன். தாய் வந்து தூக்கிப்போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. காய்ந்த மண்ணின் சூடு வேட்டி வழியாக ஏறியது. வெட்டிய கரும்பின் புளித்த வாசனை. அக்கரையில் ஒரு மயில் அகவிக்கொண்டே இருந்தது. சோகைக்குள்ளிருந்து குட்டிகளின் மெல்லிய குரல் ஒரு முறை கேட்டது. இந்தப் பூமியில் இவை மூன்றும் உயிரோடு இருப்பது என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பொன்னாடை போர்த்த அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இருட்டும்வரை தாய் வரவில்லை. எதிர்ப்பக்கத்து வரப்பில் ஒரு முறை ஏதோ அசைந்தது. நான் கழுத்தை நீட்டினேன். அசைவு நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் போனேன். குட்டிகள் அங்கேயே இருந்தன. சாயங்காலம் மறுபடியும் போனேன், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான் அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் அந்தத் தாய் வரவில்லை என்று இன்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். பால் கொடுக்க நடுராத்திரி எப்போதாவது வந்து போயிருப்பாள். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றுவதற்கு வேண்டிய அமைதியை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

தகர டப்பா

மூன்றாம் நாள் மத்தியானம் கச்சிராயபாளையத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேற்கே புகை தெரிந்தது.

ஆலைப் பக்கம் பழகாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தீப்பிடித்த கரும்பை அன்றோ மறுநாளோ வெட்டி அரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீண். அதனால் எரிந்த கரும்புக்கு வரிசை கிடையாது, உடனே உத்தரவு. விலையில் கொஞ்சம் பிடிப்பார்கள். ஆனாலும் ஒரு மாதம் காயவிடுவதற்கு அது தேவலை. உத்தரவுக்குக் காத்துக் காத்துப் பொறுமை போனவர்கள் தங்கள் கரும்புக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு, யாரோ பீடி போட்டுவிட்டார்கள் என்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் கோட்டத்தில் பீடியால் எரிந்த வயல்களை வைத்துப் பார்த்தால், மாடு கன்றுகள்கூடப் பீடி குடித்திருக்க வேண்டும். நாங்களும் பீடி என்றே எழுதிக்கொள்வோம்.

சைக்கிளை மிதித்தேன். போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது. காய்ந்த கரும்பு எரிய அதிக நேரம் ஆகாது. கரிந்த தட்டைகள் நின்றன, கருந்தோகை வானத்தில் பறந்து சட்டைமேல் விழுந்தது. வாசனை மட்டும் வெல்லம் காய்ச்சுகிற இடம்போல இருந்தது.

ஏழுமலை வரப்பில் நின்றார். கையில் ஒரு தகர டப்பாவும் குச்சியும். “பீடி நெருப்பு பட்டுச்சிங்க சார்” என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

உத்தரவு எழுதினேன். அதே கூட்டத்தை வரவழைத்தேன். சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்கள். சின்னப்பொண்ணு நேராக அந்த இடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். பிறகு கத்தியால் மண்ணைக் கொத்தி அந்த இடத்தை மூடினாள். எல்லாம் முடித்துவிட்டு ஏழுமலையிடம் வந்து, மெதுவாக, முழுக்கச் சொல்லிவிட்டாள். மூன்று குட்டி என்றும் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஏழுமலை டப்பாவைக் கீழே வைத்தார்.

“அந்தப் பூன எனக்குத் தெரியும் சார். போன வருசத்துலேர்ந்து இங்கதான் சுத்திக்கினு இருந்துச்சு. எலிய அது புட்ச்சிக்குதேன்னு நான் மருந்தே வெக்கல. ரெண்டு நாளு கத்தி சத்தத்துல எங்கியோ ஓடி இருக்கும்னு நெனச்சேன். அப்பவும் தகரத்தத் தட்டி, வாய்க்கா பக்கம் வழி வுட்டுத்தான் வச்சேன். அது ஓடுச்சு, பாத்தேன். குட்டி போட்டுருக்குதுனு எனக்கு யாரு சொன்னாங்க?”

தீ வைக்குமுன் தகரம் தட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். உள்ளே இருக்கிற முயலோ கீரியோ பாம்போ ஓடிப்போகட்டும் என்று ஒரு பக்கம் திறந்துவிட்டு மூன்று பக்கம் வைப்பார்கள். ஓடத் தெரிந்ததற்குத்தான் அந்த வழி.

“ஒரு வார்த்த சொல்லி இருந்தா கரும்பு காஞ்சா காயுதுனு வுட்டு இருப்பேனே சார்” என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். உத்தரவு போடுகிறவன் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. நானும் அதைத் தொடங்கி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் சாயங்காலம் அந்த வரப்பில் ஒரு பூனை கத்திக்கொண்டே நடந்ததாகச் சின்னப்பொண்ணு சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. காவலரின் இரண்டாவது கட்டளையை அன்றைக்குத்தான் கடைப்பிடித்தேன்.

நெசந்தானா

அதன் பிறகு அந்தப் பகுதியில் பல வருடம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு பருவமும் ஏழுமலைக்கு உத்தரவு கொண்டுபோய்க் கொடுப்பேன். மரியாதையாக வாங்கிக்கொள்வார். நாற்காலி போடுவார், மோர் கொடுப்பார். கிளம்பும்போது மட்டும், “இது நெசந்தானா சார்?” என்பார். கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. நெசந்தான் என்பேன். அப்படியும் அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவார்.

வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. அவர் வயலில் வெட்டு எப்போதும் வாய்க்கால் மூலையில்தான் முடியும். அதுவும் மற்றதை வெட்டி முடித்து ஒரு நாள் இடைவெளி விட்டு. வெட்டு முடிந்த பிறகும் சோகையைக் கொளுத்த மாட்டார், அப்படியே மக்கவிடுவார். பக்கத்து நிலத்துக்காரர்கள் சோம்பேறித்தனம் என்றார்கள். அவர் ஏன் என்று யாருக்கும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் அன்றைக்குச் செய்ததற்குப் பிராயச்சித்தமாகத்தான் கொல்லையில் தண்ணீர் வைக்கிறேனா என்று சின்னசேலத்து அம்மா கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பிராயச்சித்தம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. சட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றுகிறேன். மாற்றிவிட்டு உடனே உள்ளே வந்துவிடுகிறேன்.

டவுன் பஸ்ஸில் வந்தவர்

போன வாரம் பத்திரிகை வந்த மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பெரியவர். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். ஏழுமலை. எண்பது தாண்டியிருக்கும். கண்ணில் புரை எடுத்த கறுப்புக் கண்ணாடி.

கீரிப்பிள்ளை கதையை மருமகள் படித்துக் காட்டியதாகச் சொன்னார். அந்தக் கீரியைப் பார்க்க வேண்டும் என்றார். பின்பக்கம் அழைத்துப்போய், ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி போட்டேன். கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கீரி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்தார். மழை கம்மி, ஆள் கிடைப்பதில்லை, சின்னப்பொண்ணு செத்து ரொம்ப வருடம் ஆகிறது என்று ஊர்க்கதை போயிற்று. அப்போதாவது நான் அந்த மன்னிப்பைக் கேட்டிருக்கலாம். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

“எங்க பக்கம் கரும்புல பூன மறுபடியும் குட்டி போட்டுருக்குது சார். மூணு.”

எத்தனையோ வருடம் கழித்து அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். வாய் திறந்துவிட்டது.

அவர் கையை லேசாக உயர்த்தினார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

“எந்த வயலுன்னு மட்டும் கேக்காதீங்க சார்.”

நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புவதற்குள் திரும்பி நடந்தேன்.